"தொடரும்" போட்ட பிறகு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அறிவியல் புனைகதைத் தொடர்களின் சீசன் முடிவுகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்: "நல்ல கிளிஃப்ஹேங்கர் ரசிகரை மதிக்கிறது." பரபரப்பான இடத்தில் கதையை அந்தரத்தில் நிறுத்துவதைத்தான் கிளிஃப்ஹேங்கர் என்கிறோம். அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன, பெரும்பாலும் கோபமான கடிதங்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஒரு கதை நின்ற இடத்தில் இத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது எடிட்டிங் மேசையில் காலம் கழித்த எனக்குப் பெரிய விஷயம். இந்த இதழ் முழுக்க உங்கள் கோபத்துக்கே ஒதுக்கிவிட்டேன். கதை முடிவுகளைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. அந்தந்தத் தொடரைப் பார்க்காதவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

"மேடம், 'செவரன்ஸ்' முதல் சீசனின் கடைசி நொடியில் மார்க், செத்துப்போனதாக நினைத்த மனைவியைப் பற்றி 'அவள் உயிரோடு இருக்கிறாள்' என்று கத்துகிறான். அதோடு திரை இருண்டுவிடுகிறது. 2022 ஏப்ரலில் அதைப் பார்த்துவிட்டு ரிமோட்டை வீசி எறிந்தேன். அடுத்த சீசன் வந்தது 2025 ஜனவரியில். இதுவா மதிப்பு?" (வங்கி ஊழியர் ஒருவர்)

உங்கள் கோபத்தில் இரண்டு கோபம் கலந்திருக்கிறது. ஒன்று வெட்டின் மேல், இன்னொன்று காத்திருப்பின் மேல். காத்திருப்பை முழுக்க எழுத்தாளர் தலையில் கட்ட முடியாது. 2023இல் அமெரிக்காவில் எழுத்தாளர்கள் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்கள் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை. அந்த வருடம் பல தொடர்கள் அப்படியே நின்றுபோயின.

வெட்டுக்கு வருகிறேன். அந்தத் தொடரில் அலுவலகத்துக்குள் இருக்கும் மார்க்குக்கு வெளியுலக நினைவே கிடையாது. கடைசி எபிசோடில் அவன் முதன்முறையாக வெளியே விழித்துக்கொள்கிறான், அதுவும் நண்பன் டிலன் அலுவலகத்தில் இரண்டு விசைகளைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மட்டும்தான். டிலனின் கை விலகும் நொடியில் மார்க்கின் விழிப்பு அணைந்துவிடும். நமக்குத் திரை இருளும் அதே நொடியில் அவனுக்கும் எல்லாம் இருண்டுவிடுகிறது. அவனைவிட ஒரு நொடிகூட நமக்கு அதிகம் கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அறையில் இருந்தவர்களின் முகத்தை ஒரு ஷாட் காட்டியிருந்தால், நாம் அவனைத் தாண்டிப் போயிருப்போம். காட்சியின் உயிரும் போயிருக்கும்.

இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் திறந்ததும் அந்த வெள்ளை நடைபாதைகளில் அவன் ஓடு ஓடு என்று ஓடுகிறான். அவனைப் பொறுத்தவரை கத்தியது ஒரு கண் சிமிட்டலுக்கு முன்னால்தான். நம் மூன்று வருடத் தவிப்பை அவன் அந்த ஓட்டத்தில் ஓடிக் காட்டுகிறான். அதைத்தான் மதிப்பு என்றேன்.

"எழுத்தாளர்களுக்கே விடை தெரியாமல் தொங்கலில் விட்டுவிடுவார்களாமே? அப்படியானால் நாம் மண்டையை உடைத்துக்கொண்டு தியரி யோசிப்பதெல்லாம் வீண்தானே?" (பொறியியல் மாணவர்)

முதல் பாதி சில சமயம் உண்மை. இரண்டாவது பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் மூன்றாவது சீசன் 1990 ஜூனில் 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' என்ற எபிசோடோடு முடிந்தது. போர்க் என்ற எதிரிக் கூட்டம் மனிதர்களைப் பாதி இயந்திரமாக்கித் தன் கூட்டு மனதில் இணைத்துக்கொள்ளும். அது கேப்டன் பிக்கார்டைக் கடத்திப்போய், முகத்தில் கருவிகளைப் பொருத்தி, லோக்கூட்டஸ் என்று பெயரிட்டு, அவர் வாயாலேயே சரணடையச் சொல்லவைக்கிறது. துணை அதிகாரி ரைக்கரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஆயுதம். சுட்டால் தன் கேப்டனும் சாவார். "மிஸ்டர் வார்ஃப்... ஃபயர்" என்கிறார். ரான் ஜோன்ஸின் இசை எழும்புகிறது. தொடரும்.

எழுதியவர் மைக்கேல் பில்லர். அடுத்த சீசனில் தான் இருக்கப்போகிறோமா என்பதே அப்போது அவருக்கு முடிவாகவில்லை. விடையை யோசிக்காமலேதான் எழுதி முடித்தார். பிறகு அதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த எபிசோடில் தனிக் கப்பல் வாங்கிக்கொண்டு போவதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்று ரைக்கர் தவிப்பதும் பில்லரின் சொந்தத் தவிப்புதான். பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டே போகிறார் என்ற பேச்சும் அந்தக் கோடை முழுக்க ரசிகர்களிடம் ஓடியது.

நானும் என் அக்காவும் இதைப் பிறகு கேசட்டில் பார்த்தோம். இரண்டாம் பாகத்தின் கேசட் கையிலேயே இருந்தும் அக்கா அதைப் போடவிடவில்லை. ஆளுக்கு ஒரு தாளில் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொன்னாள். நான் ஆயுதம், கப்பல், மீட்புத் திட்டம் என்று பக்கம் நிறைய எழுதினேன். அவள் ஒரே வரிதான் எழுதினாள்: "பிக்கார்ட் திரும்பி வருவார், ஆனால் பழைய ஆளாக வர மாட்டார்."

அந்த வரிதான் இன்றுவரை ஒரு கிளிஃப்ஹேங்கரை நான் எடைபோடும் விதத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் காட்சியின் வெட்டு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஆயுதம் சுடுவதை நமக்குக் காட்டவே இல்லை. வெட்டு விழுவது ரைக்கர் முடிவெடுத்த பிறகு. நாயகன் பாறை விளிம்பில் தொங்குகிறான் என்று நிறுத்தினால், அடுத்த வாரம் ஒரு கயிறு வந்து அவனைக் காப்பாற்றிவிடும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு மனிதன் தன் கேப்டனைச் சுடச் சொல்லிவிட்டான் என்றால், எந்தக் கயிறு வந்தாலும் சொன்னது சொன்னதுதான். செப்டம்பர் 24 அன்று வந்த இரண்டாம் பாகத்தில் அந்த ஆயுதம் பலிக்கவில்லை. பிக்கார்டின் அறிவு முழுவதும் எதிரியிடம் போய்விட்டதால் அவர்கள் முன்கூட்டியே தயாராக இருந்தார்கள். வுல்ஃப் 359 என்ற இடத்தில் 39 கப்பல்கள் அழிந்தன. ஏறக்குறைய 11,000 உயிர்கள். கடைசியில் கப்பலின் இயந்திர மனித அதிகாரி டேட்டா, பிக்கார்ட் வழியாகவே அந்தக் கூட்டு மனதுக்குள் புகுந்து அதைத் தூங்கவைக்கிறான். கெட்டிக்காரத்தனமான தீர்வு, அவ்வளவுதான். அதற்காக நான் அந்தக் கதையைக் கொண்டாடவில்லை.

கொண்டாடுவது அடுத்த எபிசோடுக்காக. ரொனால்ட் டி. மூர் எழுதிய 'ஃபேமிலி'. கப்பலின் கட்டுப்பாட்டு மேடையில் ஒரு காட்சிகூட இல்லாத எபிசோட் அது. பிக்கார்ட் பிரான்ஸில் தன் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், பிறகு அந்தக் கேப்டன் உடைந்து அழுகிறார். தன்னை வைத்து அத்தனை பேரைக் கொன்றார்கள், தன்னால் தடுக்க முடியவில்லை என்று அழுகிறார். அக்கா எழுதிய வரி அங்கே கண்முன் நடந்தது. அதோடும் கணக்கு முடியவில்லை. 1993 ஜனவரியில் அதே கதையுலகில் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அடுத்த தொடர் தொடங்கியபோது, வுல்ஃப் 359இல் மனைவியைப் பறிகொடுத்த அதன் நாயகன் சிஸ்கோ பிக்கார்டின் எதிரே வந்து நிற்கிறார். அவர் கண்ணில் மன்னிப்பே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஆள் 'பாபிலோன் 5' எழுதிய மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ஐந்து வருடக் கதையைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டவர். மூன்றாவது சீசனின் 22 எபிசோடுகளையும் தனி ஆளாக எழுதினார். "அங்கே போனால் நீ சாவாய்" என்று எதிரியின் கிரகத்தைப் பற்றி வேற்றுக்கிரகத் தூதர் கோஷ் நாயகன் ஷெரிடனை எச்சரிப்பது இரண்டாவது சீசனில். 1996 அக்டோபரில், மூன்றாவது சீசன் முடிவில், ஷெரிடன் தெரிந்தே அந்தக் கிரகத்துக்குப் போகிறான். அணுகுண்டு ஏற்றிய தன் கப்பலைத் தான் நிற்கும் நகரத்தின் மேலேயே விழவைத்துவிட்டு, அடி தெரியாத பள்ளத்தில் குதிக்கிறான். பிறகு தெரியவருகிறது, கோஷ் சொன்னது பொய்யில்லை. அவன் செத்தே போனான். திரும்பக் கிடைத்த உயிருக்கு அதிகபட்சம் 20 வருடம்தான் ஆயுள். அந்தக் கணக்கைத் தொடரின் கடைசி எபிசோடில் ஸ்ட்ராசின்ஸ்கி தீர்த்துவிட்டார்.

ஆக, ஒருவருக்கு விடை தெரியாது, இன்னொருவருக்கு எல்லாம் தெரியும். இரண்டு பேருமே நம்மை ஏமாற்றவில்லை. நடந்ததை நடக்காததுபோல அவர்கள் துடைத்துவிடவில்லை. உங்கள் தியரி "எப்படித் தப்பிப்பான்" என்பதோடு நின்றால் சீக்கிரம் சலித்துவிடும். "இதற்குப் பிறகு அவன் யாராக இருப்பான்" என்று யோசித்துப் பாருங்கள். அப்படி யோசித்தது தப்பாகப் போனாலும் வீண் போகாது.

"நான் ஒரு அருமையான தியரி வைத்திருக்கிறேன். அதைத் தொடரின் எழுத்தாளருக்கே அனுப்பலாமா?" (பெயர் வேண்டாம் என்றவர்)

அனுப்பாதீர்கள். மேலே சொன்ன ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இது நடந்தது. அவர் மனதில் இருந்த ஒரு கதையை ஒத்த யோசனையை ஒரு ரசிகர் பொதுவில் சொல்லிவிட்டார். நாளைக்குத் திருட்டுப் புகார் வந்துவிடக் கூடாது என்று அந்தக் கதையை அவர் ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. உரிமை கோர மாட்டேன் என்று அந்த ரசிகர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அது 'பாசிங் த்ரூ கெத்செமனே' என்ற எபிசோடாக வெளிவந்தது. பழைய குற்றங்களின் நினைவு அழிக்கப்பட்டுத் துறவியாக வாழும் ஒருவனின் கதை. தொடரின் சிறந்த எபிசோடுகளில் ஒன்று, கிடைக்காமலே போயிருக்கும். உங்கள் தியரியை நண்பர்களிடம் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள், நான் எந்தத் தொடரும் எழுதவில்லை.

"என் மகளுக்குப் பதினைந்து வயது. ஒரு விண்வெளித் தொடரின் சீசன் முடிந்ததிலிருந்து நோட்டில் ஏதோ வரைபடம் போட்டு, தியரி எழுதிக்கொண்டே இருக்கிறாள். தூக்கத்தில்கூட அந்தப் பெயர்களைச் சொல்கிறாள். இது சரியா?" (ஒரு தாய்)

சரிதான் அம்மா. பயப்பட வேண்டாம்.

1920களில் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலை முடிந்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று கண்டார். 1927இல் அதை வெளியிட்டார். பிற்பாடு அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லாருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அவருடன் அங்கே இருந்த மரியா ஓவ்ஸியாங்கினா கண்ட விஷயம் இன்னும் உறுதியாக நிற்கிறது: பாதியில் தடுக்கப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் அந்த வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள். உங்கள் மகள் செய்வது அதுதான். கதையை நிறுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் அதை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறாள்.

1963 டிசம்பர் 21 அன்று பிபிசியில் 'டாக்டர் ஹூ'வின் ஓர் எபிசோட் இப்படி முடிந்தது: ஆளில்லாத ஒரு நகரத்தின் நடைபாதையில் பார்பரா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அலறுகிறாள். அவளை நோக்கி வரும் எதுவோ ஒன்றின் கை மட்டும் திரையின் ஓரத்தில் தெரிகிறது. அவ்வளவுதான். முழு உருவம் அடுத்த வாரம்தான் வந்தது, டாலெக் என்ற பெயரும் அப்போதுதான். அந்த ஒரு வாரம் அந்தக் கைக்குச் சொந்தமான உருவத்தைப் பார்த்தவர்கள்தான் படைக்க வேண்டியிருந்தது. அது குழந்தைகளை நினைத்துத் தொடங்கப்பட்ட தொடர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நோட்டைக் காட்டச் சொல்லி அவள் பக்கத்தில் உட்காருங்கள். "இப்படித்தான் நடக்கும் என்று எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் ஆதாரம் தேடி முந்தைய எபிசோடுகளுக்குப் போவாள், எதிர்வாதத்துக்குப் பதில் யோசிப்பாள், பிடித்த யோசனையைக்கூடப் பொருந்தவில்லை என்றால் அடித்துவிடக் கற்றுக்கொள்வாள். தூக்கம் மட்டும் கெடக் கூடாது. இரவு இத்தனை மணிக்கு நோட்டை மூட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

"ஸ்பாய்லர் படித்துவிட்டுப் பார்ப்பவன் நான். நண்பர்கள் திட்டுகிறார்கள்." (கடை நடத்துபவர்)

உங்களுக்கு ஆதரவாக ஓர் ஆய்வே இருக்கிறது. 2011இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் அதிகம் ரசித்ததாகக் கண்டார்கள். சிறுகதையும் வருடக்கணக்கில் நீளும் தொடரும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். நீங்கள் படியுங்கள். நண்பர்களிடம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

"'1899' தொடரின் முதல் சீசன் கடைசியில் எல்லாம் தலைகீழானது. அடுத்து என்ன என்று காத்திருந்தால் 2023 ஜனவரியில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் எழுதினால், போராடினால் திரும்பி வருமா?" (கல்லூரி மாணவி)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வலித்தது. அதைப் படைத்தவர்கள் மூன்று சீசன் திட்டத்தோடு இருந்தார்கள். நீராவிக் கப்பல் என்று நம்பிய எல்லாம் உடைந்து, நாயகி 2099இல் ஒரு விண்கலத்தில் கண்விழிக்கிறாள். கதை அங்கே நின்றுபோனது. 2011இல் முடிந்த 'ஸ்டார்கேட் யுனிவர்ஸ்' இன்னும் கொடுமை. விண்கலத்தில் எல்லாரும் நீண்ட உறக்கத்தில், இளைஞன் ஈலை மட்டும் விழித்திருக்கிறான். உயிர்க்காப்புக் கருவியைச் சரிசெய்ய அவனுக்கு இரண்டு வாரம். சரிசெய்தானா என்று இன்றுவரை எந்த எபிசோடும் சொல்லவில்லை.

ஆனால் எழுதினால் திரும்பி வந்த தொடர்களும் உண்டு. 'ஃபார்ஸ்கேப்' நிறுத்தப்படுகிறது என்ற செய்தி 2002 செப்டம்பரில் வந்தது. 2003 மார்ச்சில் ஒளிபரப்பான கடைசி எபிசோடில், கடல் நடுவே ஒரு சின்னப் படகில் நாயகன் ஜான் தன் காதலி ஏரினிடம் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான், அவள் சம்மதிக்கிறாள், அடுத்த நிமிடம் ஒரு வேற்றுக் கலம் வந்து இருவரையும் படிகத் துண்டுகளாகச் சிதறடித்துவிட்டுப் போகிறது. அதன்மேல் "தொடரும்" என்று போட்டார்கள், தொடர் நின்றுபோனது தெரிந்தும். அந்த எழுத்தை அழிக்காமல் விட்டவர்களின் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரசிகர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். 2004 அக்டோபரில் இரண்டு பாகக் குறுந்தொடர் வந்து, அந்தத் துண்டுகளைக் கடலடியிலிருந்து பொறுக்கி எடுத்து, இருவரையும் ஒட்டவைத்துக் கதையை முடித்தது.

'ஜெரிக்கோ' ரசிகர்களின் வழி வேறு. முதல் சீசன் முடிவில், சரணடையச் சொன்ன எதிரிக்கு நாயகன் "நட்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் மறுத்துப் பதில் சொல்கிறான். 1944இல் பாஸ்டோன் முற்றுகையில் அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் ஜெர்மானியருக்குச் சொன்ன பதில் அது. 2007இல் தொடரை நிறுத்தியதும் ரசிகர்கள், கொட்டை என்றும் பொருள்படும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு நிலக்கடலை அனுப்பினார்கள், 20 டன்னுக்கும் மேல். 2008இல் ஏழு எபிசோடுகள் கிடைத்தன. 'சென்ஸ்8' 2017இல் நிறுத்தப்பட்டு, ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூனில் இரண்டரை மணி நேர நிறைவு எபிசோடோடு திரும்பியது.

ஒன்று கவனித்தீர்களா? முழுச் சீசன்கள் திரும்பி வருவது அபூர்வம். முடிவு மட்டும் கேட்டால் கொடுப்பவர்களுக்கும் அது சாத்தியமாக இருக்கிறது. நீங்களும் எழுதுங்கள். கோபத்தைக் குறைத்து, எந்தக் காட்சி உங்களை ஏன் பிடித்தது என்று எழுதுங்கள்.

"எல்லாரையும் சுட்டுக் கொன்றுவிட்டு ஒரு தொடரை முடிப்பது நியாயமா?" ('பிளேக்ஸ் 7' இப்போதுதான் பார்த்து முடித்தவர்)

1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, பிரிட்டிஷ் ரசிகர்கள் இதே கேள்வியோடு தூங்கப் போனார்கள். நண்பன் துரோகியாகிவிட்டான் என்று தவறாக நினைத்து ஏவான் பிளேக்கைச் சுடுகிறான். கூட்டாளிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். காவலர்கள் சூழ்ந்து நிற்க, பிளேக்கின் உடலுக்கு மேல் நின்று துப்பாக்கியை உயர்த்தி, ஏவான் சிரிக்கிறான். திரை இருண்ட பிறகு சத்தம் மட்டும் கேட்கிறது.

நியாயம் என்றே சொல்வேன். நான்கு சீசனாக யாரையும் நம்பாத ஒருவன் அந்த அவநம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அது. பிளேக்காக நடித்த கேரத் தாமஸ், திரும்ப வந்து நடிக்க வேண்டுமென்றால் பாத்திரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏவானின் கதி மட்டும் நம்மிடம் விடப்பட்டது. அவன் பிழைத்தானா என்று என்னைக் கேட்டால், இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அடுத்த சீசன் வருவதற்கு முன் பழையதை முழுக்க மறுபடி பார்க்க வேண்டுமா? நேரம் இல்லை." (மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவர்)

வேண்டாம். முதல் எபிசோடும் கடைசி இரண்டு எபிசோடுகளும் போதும். முதல் எபிசோடில் அந்த ஆள் எப்படி இருந்தான் என்று தெரிந்தால்தான் கடைசியில் எவ்வளவு மாறியிருக்கிறான் என்று புரியும். அப்புறம், புதிய எபிசோடின் தொடக்கத்தில் வரும் "இதுவரை நடந்தது" பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதை வெட்டி ஒட்டுவது எடிட்டிங் அறைதான். புதிய எபிசோடுக்குத் தேவையான பழைய காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுப்போம். நீங்கள் மறந்துபோன ஒரு முகத்தை அதில் காட்டினால், அந்த ஆள் இன்னும் சில நிமிடங்களில் வரப்போகிறார் என்று அர்த்தம்.